'வெஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் வக்ஃபுப் பத்திரமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து பெரியவர் ஒருவர் நான் பணியாற்றும் அரபுக் கல்லூரிக்கு வந்தார். தம் தென்னந்தோப்பையும், கடைத்தெருவிலுள்ள இரண்டு கடைகளையும் ஊர்ப் பள்ளிவாசலுக்கும், அதனை ஒட்டி நடைபெறும் மக்தபுக்கும் வக்ஃபு செய்ய அவர் நிய்யத் செய்திருந்தார். வழக்கறிஞர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த வரைவும், பத்திர எழுத்தர் ஒருவர் செய்து கொடுத்த அதன் தமிழ் வடிவமும் அவர் கையில் இருந்தன. 'ஷரீஅத்துக்கு ஒத்ததாக இருக்கிறதா என்று ஹஜ்ரத் ஒரு தடவை பார்த்துச் சொல்ல வேண்டும்' என்பது அவருடைய வேண்டுகோள்.

தமிழ் வடிவத்தில் ஒரு வரி என்னைத் திடுக்கிடச் செய்தது. 'மேற்படி சொத்து இன்று முதல் முத்தவல்லிக்குச் சர்வ சுதந்திர பாத்தியமாகும்' என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஆங்கில வரைவை எடுத்துப் பார்த்தேன். சொத்து முத்தவல்லியிடம் 'வெஸ்ட்' ஆகும் என்று அங்கே இருந்தது. அந்த ஓரசைச் சொல்லே தமிழில் 'சர்வ சுதந்திர பாத்தியம்' ஆகிவிட்டது. பெரியவரிடம் இதனை எடுத்துக் கூறினேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, 'அப்படியானால் என் மவுத்துக்குப் பிறகு முத்தவல்லியின் மகன் வந்து, இந்தத் தோப்பு எங்கள் அத்தாவுக்கு எழுதிக் கொடுத்தது என்று சொல்லலாமா, ஹஜ்ரத்?' என்று கேட்டார்.

அன்று அவருக்குச் சுருக்கமாக விடை கூறி, வரியைத் திருத்தி எழுதித் தருமாறு வழக்கறிஞரிடமே அனுப்பி வைத்தேன். ஆயினும், நம் ஜமாஅத்துகளின் பத்திரங்களிலும் தீர்மானங்களிலும் இச்சொல்லும் அதன் மொழிபெயர்ப்புகளும் தொடர்ந்து இடம்பெறுவதால், இதன் பொருளையும் வழக்கையும் சற்று விரிவாக ஆராய்வது நலம்.

சொல்லின் பிறப்பு

நம் மாணவர்களிடம் 'வெஸ்ட்' என்றால் என்ன என்று கேட்டால், ஒருவர் மேற்குத் திசை என்பார். அது ஒலியளவில் நெருங்கிய வேறொரு சொல். மற்றொருவர் பனியன் என்பார். அவர் கூறுவது சரியான விடைக்கு மிக அருகில் இருக்கிறது. இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் ஆடையைக் குறிக்கும் 'வெஸ்டிஸ்' என்பதாகும். ஆடை அணிவித்தல் என்னும் வினை அதிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

ஆடைக்கும் உரிமைக்கும் என்ன தொடர்பு? இடைக்கால ஐரோப்பாவில் ஒருவருக்குப் பதவியோ நிலமானியமோ வழங்கும்போது, அதற்கெனச் சடங்கு ஒன்று நடைபெறும். உரிமையை ஆடைபோல அவர்மேல் போர்த்துவதாகக் கருதினர். அச்சடங்கின் ஆங்கிலப் பெயரான 'இன்வெஸ்டிச்சர்' என்பதும், நாம் முதலீடு என்று பொருள்கொள்ளும் 'இன்வெஸ்ட்மென்ட்' என்பதும் இதே வேரின் கிளைகள். ஒன்றைக் களைதல், உரிமையிலிருந்து நீக்குதல் என்னும் பொருளுடைய 'டைவெஸ்ட்' என்பது இதன் எதிர்ச்சொல்.

அரபு மொழி அறிந்தோருக்கு இங்கு ஓர் ஒப்புமை உடனே நினைவுக்கு வரும். கலீஃபாக்களும் சுல்தான்களும் அளித்த மரியாதை ஆடைக்கு 'கில்அத்' என்று பெயர். ஆனால் அதன் வேர்ச்சொல்லான 'கலஅ' என்பதன் பொருள் அணிவித்தல் அன்று, களைதல். அரசர் தம் ஆடையைக் களைந்து பிறருக்கு அளித்தல் என்ற கருத்தில் அப்பெயர் வழங்கலாயிற்று. ஆங்கிலச் சொல் பெறுபவரின் பக்கமிருந்து நோக்குகிறது. அரபுச் சொல் கொடுப்பவரின் பக்கமிருந்து நோக்குகிறது. வக்ஃபு பற்றிய சிந்தனையிலும் இவ்விரு நோக்குகளும் எதிரெதிராக நிற்பதைப் பின்னர்க் காண்போம்.

ஒரு சொல், மூன்று பொருள்

இன்றைய ஆங்கில வழக்கில் இச்சொல் பெரும்பாலும் சட்டம், அரசியல், ஆட்சி ஆகியவற்றைச் சார்ந்த எழுத்துகளில் பயில்கிறது. அதன் பொருள்களை நம் ஃபிக்ஹுக் கலைச்சொற்களைக் கொண்டே மூன்றாகப் பகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, 'மில்க்' எனப்படும் முழு உடைமை. ஒருவருக்குச் சொத்து 'வெஸ்ட்' ஆகிவிட்டது என்றால், விற்கவும் அன்பளிப்பாக வழங்கவும் வாரிசுகளுக்கு விட்டுச் செல்லவும் அவருக்கு உரிமை வந்துவிட்டது என்பது பொருள். நம் பத்திரங்களில் காணும் 'சர்வ சுதந்திர பாத்தியம்' இதற்கு நிகரானது.

இரண்டாவது, 'யத்' அல்லது 'கப்ளு' எனப்படும் கைவசம். சொத்து ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. உடைமையோ வேறொருவரிடம் இருக்கிறது. நம் வழக்கில் 'சுவாதீனம்', 'வசம்' என்பன இதனைக் குறிக்கும்.

மூன்றாவது, 'விலாயத்' எனப்படும் அதிகாரம். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு, ஒன்றியத்தின் ஆட்சித்துறை அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் 'வெஸ்ட்' ஆகும் என்று கூறுகிறது. மாநில ஆளுநரைப் பற்றி 154-ஆவது பிரிவும் அவ்வாறே கூறுகிறது. குடியரசுத் தலைவர் அந்த அதிகாரத்தை விற்கலாம், தம் மக்களுக்கு விட்டுச் செல்லலாம் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. அது பதவியோடு வந்து பதவியோடு நீங்குவது. அரசமைப்புச் சட்டத்தின்படியே பயன்படுத்த வேண்டியது.

அன்றாட ஆங்கிலத்திலும் இச்சொல்லின் சாயல்கள் உண்டு. 'வெஸ்டட் இன்ட்ரஸ்ட்' என்பதைச் செய்தித்தாள்கள் தன்னல நோக்கம் என்ற பொருளில் ஆள்கின்றன. ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தன் 19-ஆவது பிரிவில் இதே தொடரைக் குறை எதுவுமின்றி, நிபந்தனைக்குக் காத்திராமல் உறுதிப்பட்டுவிட்ட உரிமை என்ற பொருளில் வழங்குகிறது. நிச்சயமற்ற நிகழ்ச்சி ஒன்றை எதிர்நோக்கி நிற்கும் உரிமை அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவில் வேறு பெயர் பெறுகிறது. கணினி நிறுவனங்களில் பணிபுரியும் நம் இளைஞர்கள், தமக்கு ஒதுக்கப்பட்ட பங்குகள் இத்தனை ஆண்டுகளுக்குப் பின் 'வெஸ்ட்' ஆகும் என்று பேசிக்கொள்வதும் இந்த உறுதிப்படுதல் என்னும் பொருளில்தான்.

எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதைச் சொல்லைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. நம் உச்ச நீதிமன்றம் இதனைப் பலமுறை தெளிவுபடுத்தியிருக்கிறது. டெல்லி நகர மேம்பாட்டு அறக்கட்டளைக்கு எதிராகக் காய்கனி வணிகர் சங்கம் தொடுத்த வழக்கின் தீர்ப்பு 1957-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளிவந்தது. இச்சொல்லுக்கு நிலைத்த ஒரே பொருள் இல்லை. உடைமை, கைவசம், வரையறைக்குட்பட்ட நிர்வாகம் ஆகிய எதனையும் அது குறிக்கக்கூடும் என்று அதில் கூறப்பட்டது. 1976-இல் உத்தரப் பிரதேச ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் பற்றிய மகராஜ் சிங் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதனினும் நுட்பமான ஒன்றைக் காட்டினார். அந்த ஒரே சட்டத்தில், நிலங்கள் முதலில் மாநில அரசிடமும் பின்னர்க் கிராம சபையிடமும் 'வெஸ்ட்' ஆகின்றன. முதலிடத்தில் அது முழு உடைமை. இரண்டாமிடத்தில் வரம்புக்குட்பட்ட பொறுப்பு மட்டுமே.

நம் மாவட்டத்து மக்களுக்கு இச்சொல் புதியதன்று. தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் கோயில்களும் பள்ளிவாசல்களும் தர்காக்களும் இனாம் நிலங்களைப் பெற்றிருந்தன. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1963-இல் சென்னை மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தில், இனாம்கள் அரசுக்கு மாற்றப்பட்டு, வில்லங்கம் யாதுமின்றி அரசிடம் 'வெஸ்ட்' ஆகும் என்ற வாசகம் இடம்பெற்றது. ஆனால் அச்சட்டமே, சமய நிறுவனங்கள் உரிய நிபந்தனைகளின்படி ரயத்துவாரிப் பட்டா பெறுவதற்கும் வழி வகுத்தது. 'அரசுக்குச் சொந்தமாகிவிட்டது' என்ற பாதி வாசகத்தை மட்டும் படித்துக் கைவிட்டவர்களும், அடுத்த பிரிவையும் படித்து விண்ணப்பித்தவர்களும் ஒரே பயனை அடைந்திருக்க முடியாது.

ஆடையின்றி நில்லாத ஆங்கிலச் சட்டம்

ஆங்கிலச் சட்ட மரபில் அடிப்படையான கருத்து ஒன்று உண்டு. நிலத்தின் உரிமை ஒருபோதும் ஆளின்றி அந்தரத்தில் நிற்கலாகாது. எந்நேரமும் யாரேனும் ஒருவர் அந்த உரிமையை அணிந்திருக்க வேண்டும் என்பதே அது. 'ட்ரஸ்ட்' எனப்படும் அறக்கட்டளை முறையும் இக்கருத்தின் மேல் எழுந்ததே. அறக்கட்டளையில் சட்டப்படியான உடைமை 'ட்ரஸ்டி'யிடம் இருக்கும். பயன் பிறருக்கு உரியதாகும். 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் அறக்கட்டளையை உடைமையோடு பிணைந்த ஒரு கடப்பாடு என்றே வரையறுக்கிறது. ஆகவே, சொத்து 'ட்ரஸ்டி'யிடம் 'வெஸ்ட்' ஆகும் என்று எழுதுவது அங்கே இயல்பானது. அதே சட்டம் தன் முதற்பிரிவிலேயே, வக்ஃபு பற்றிய முஸ்லிம் சட்ட விதிகளை இது பாதிக்காது என்று கூறி ஒதுங்கிக்கொள்வதையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும். வக்ஃபு வேறு, 'ட்ரஸ்ட்' வேறு என்பதை அச்சட்டத்தை இயற்றியோரே உணர்ந்திருந்தனர்.

ஃபிக்ஹு கூறுவது

வக்ஃபின் மூலமாக நாம் கொள்வது, கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்ட நிகழ்ச்சியாகும். மூலத்தை நிறுத்தி வைத்து, விளைவைத் தர்மம் செய்யுமாறு வழிகாட்டப்பட்டது. அந்நிலம் விற்கப்படவும், அன்பளிப்புச் செய்யப்படவும், வாரிசுரிமையாகப் பங்கிடப்படவும் கூடாததாயிற்று.

அப்படியானால் அந்த மூலத்தின் உடைமை எங்கே போயிற்று? இக்கேள்விக்கு இமாம்கள் அளித்த விடைகள் பலவாகும். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களிடத்தில், பொதுவான வக்ஃபில் மூலம் வக்ஃபு செய்தவரின் உடைமையிலேயே நிற்கிறது. பயன் மட்டுமே தர்மமாகிறது. காழியின் தீர்ப்போ வஸிய்யத்தோ இருந்தாலன்றி அது கட்டாயமாவதில்லை. ஆனால் பள்ளிவாசல் தனியே பிரிக்கப்பட்டு, அனுமதியுடன் அதில் தொழுகை நடந்துவிட்டால், உடைமை நீங்கிவிடும் என்பதில் அவர்களும் உடன்படுகிறார்கள். அவர்களுடைய மாணாக்கர்களான இமாம் அபூ யூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவரும், வக்ஃபு செய்தவரின் உடைமை நீங்கி, அல்லாஹ்வின் உடைமை என்னும் தீர்ப்பின்கீழ் மூலம் நிறுத்தப்படுகிறது என்பார்கள். சொன்ன மாத்திரத்திலேயே நீங்கும் என்பார் முன்னவர். முத்தவல்லியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பார் பின்னவர். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தும் உடைமை அல்லாஹ்வைச் சார்கிறது என்பதே. மாலிகி மத்ஹபில் அது உரியவரிடமே தங்கினாலும், விற்கும் உரிமை தடைப்பட்டுவிடுகிறது. ஹன்பலி மத்ஹபில், குறிப்பிட்ட மனிதர்களுக்காகச் செய்யப்பட்ட வக்ஃபின் உடைமை அவர்களையே சாரும் என்ற கருத்து உண்டு.

இத்தனை கருத்து வேறுபாடுகளுக்கிடையே ஒரு விடை மட்டும் எங்கும் இல்லை. உடைமை முத்தவல்லியைச் சாரும் என்று எந்த இமாமும் கூறவில்லை. முத்தவல்லியின் கை 'யதுல் அமானத்', அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட கை மட்டுமே. ஃபிக்ஹு நூல்கள் முதலில் ஆராய்வது 'ஸவாலுல் மில்க்' என்னும் உடைமை நீக்கத்தைத்தான். ஆங்கிலச் சட்டம், 'இப்போது யார் அணிந்திருக்கிறார்?' என்று கேட்கிறது. நம் ஃபிக்ஹு, 'உரியவர் களைந்துவிட்டாரா?' என்று கேட்கிறது. களைந்த பின்னர் எம்மனிதரும் அதனை அணியத் தேவையில்லை. இந்த வேறுபாட்டை உணராது செய்யும் மொழிபெயர்ப்பே, களைந்த ஆடையை முத்தவல்லியின் தோளில் போட்டுவிடுகிறது.

1921-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அதன் பின்விளைவும்

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு நம் சென்னை மாகாணத்திலிருந்தே சான்று கிடைக்கிறது. மடத்துச் சொத்து ஒன்றைப் பற்றிய வித்யா வருதி தீர்த்த சுவாமிகள் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1921-இல் தீர்ப்பை எழுதியவர், அந்த நீதிமன்றக் குழுவில் முதல் இந்தியராக இடம்பெற்ற சையித் அமீர் அலி ஆவார். வழக்கு மடத்தைப் பற்றியதாயினும், அவர் முத்தவல்லியையும் சேர்த்தே ஆராய்ந்தார். வக்ஃபு நிறைவேறிய அக்கணமே உடைமை அனைத்தும் வாகிஃபை விட்டு நீங்கி இறைவனிடம் 'வெஸ்ட்' ஆகின்றது. முத்தவல்லி ஒரு நிர்வாகியே. ஆங்கிலச் சட்டப் பொருளிலான 'ட்ரஸ்டி' அல்லர் என்பது அவர் முடிவு. ஆங்கிலச் சொல்லை ஒதுக்கிவிடாமல், அதனை அதற்குரிய இடத்தில் அவர் வைத்ததைக் கவனிக்க வேண்டும்.

கருத்தளவில் சரியான இத்தீர்ப்பினால் எதிர்பாராத இடர் ஒன்றும் எழுந்தது. காலவரையறைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, குறிப்பிட்ட நோக்கத்துக்காக அறக்கட்டளை முறையில் எவரிடம் சொத்து 'வெஸ்ட்' ஆகியிருக்கிறதோ, அவர்மீது அச்சொத்தை மீட்கத் தொடுக்கும் வழக்குக்குக் காலக்கெடு இல்லை என்கிறது. முத்தவல்லியிடம் எதுவும் 'வெஸ்ட்' ஆகவில்லை என்றால், சொத்தை விழுங்கும் முத்தவல்லியின் மீது வழக்குத் தொடுப்போர் இப்பாதுகாப்பைக் கோர முடியாமற் போகும். இதனைக் களைய, 1929-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இந்து, முஸ்லிம், பௌத்த சமய அறநிலைகளின் சொத்துகள் அப்பிரிவின் பொருட்டு நிர்வாகியிடம் 'வெஸ்ட்' ஆனவையாகக் கொள்ளப்படும் என்ற விளக்கம் சேர்க்கப்பட்டது. இன்று நடைமுறையிலுள்ள 1963-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவ்விளக்கம் உள்ளது. 'கொள்ளப்படும்' என்னும் சொல் இங்கு முக்கியமானது. உண்மையில் அவ்வாறில்லை, ஒரு தேவைக்காக அவ்வாறு வைத்துக்கொள்கிறோம் என்பதே அதன் கருத்து. அதுவும் நிர்வாகிக்கு உரிமை வழங்குவதற்காக அன்று. அவர் தப்பிவிடாமல் இருப்பதற்காகவே.

இவை பழங்கதைகள் அல்ல. 1995-ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு, வக்ஃபு நிலங்களை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்று விலக்களித்திருந்தது. 2025-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கை நீக்கிக் காலவரையறைச் சட்டத்தை மீண்டும் பொருந்தச் செய்துள்ளது. முந்தைய நிர்வாகி விலை பெற்றுக்கொண்டு மாற்றிவிட்ட அறநிலைச் சொத்தை மீட்க, அச்சட்டத்தின் அட்டவணை 12 ஆண்டுகளே அளிக்கிறது. அந்த நிர்வாகியின் மரணம், விலகல், நீக்கம் அல்லது வழக்குத் தொடுக்கும் புதிய நிர்வாகியின் நியமனம் ஆகியவற்றுள் எது பிந்தியதோ, அன்றிலிருந்து அக்காலம் கணக்கிடப்படும். ஆகவே, பத்திரத்தில் முத்தவல்லியின் நிலை என்னவென்று தெளிவாக எழுதப்பட்டிருப்பது முன்னெப்போதையும்விட இன்று இன்றியமையாததாகிறது. தம் பத்திரத்தில் 'சர்வ சுதந்திர பாத்தியம்' என்று எழுதியவர், விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தாமே சாட்சியம் அளித்துவிட்டுப் போகிறார்.

எழுதும் முறை

ஆகவே, வக்ஃபுப் பத்திரம் எழுத முற்படுவோர் கருத்தில் கொள்ள வேண்டியவை சில உள. வக்ஃபு என்னும் செயலைக் குறிக்க, நம் சட்டங்களே 1913-ஆம் ஆண்டிலிருந்து நிரந்தரமாக அர்ப்பணித்தல் என்னும் கருத்துடைய சொல்லைத்தான் ஆள்கின்றன. 'அல்லாஹ்வுக்காக நிரந்தரமாக வக்ஃபு செய்து, என் உடைமையிலிருந்து நீக்கிவிட்டேன்' என்று எழுதுவது போதுமானது; நீக்கத்தைக் கூறும் சொல் அவசியம் இடம்பெற வேண்டும். முத்தவல்லியைக் குறிக்குமிடத்தில் 'நிர்வாகப் பொறுப்பு', 'தவ்லியத்' என்ற சொற்களையே கையாள வேண்டும். விற்கவோ அடமானம் வைக்கவோ அவருக்கு அதிகாரமில்லை என்பதையும், அவருடைய வாரிசுகளுக்குச் சொத்தில் உரிமையில்லை என்பதையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். ஆங்கில வரைவில் 'வெஸ்ட்' என்னும் சொல் வருமாயின், அங்கு அது மில்க்கா, கைவசமா, விலாயத்தா என்று எழுதியவரிடமே கேட்டறிந்த பின்னரே தமிழாக்க வேண்டும். ஆங்கிலம் அறிந்த வழக்கறிஞரும் ஃபிக்ஹு அறிந்த ஆலிமும் ஒருங்கே அமர்ந்து ஒருமுறை படித்துவிடுவது எல்லாவற்றினும் சிறந்தது.

தொடக்கத்தில் குறிப்பிட்ட பெரியவர், சில வாரங்களுக்குப் பின் திருத்திய பத்திரத்துடன் மீண்டும் வந்தார். தோப்பும் கடைகளும் அல்லாஹ்வுக்காக வக்ஃபு செய்யப்பட்டுள்ளன என்றும், முத்தவல்லி வருமானத்தைப் பெற்றுச் செலவிட்டு ஜமாஅத்துக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அவர் தமக்குத் தெரிந்த எழுத்துகளைக் கூட்டி ஒவ்வொரு வரியாகப் படித்து, முத்தவல்லி பற்றிய வரியில் விரலை வைத்து, 'இதில் பாத்தியம் என்ற சொல் எங்கேயும் இல்லையே, ஹஜ்ரத்?' என்று உறுதி செய்துகொண்டார். இல்லை என்றேன். அதன் பின்னரே பதிவு அலுவலகத்துக்குச் சென்று கையொப்பமிட்டார். அல்லாஹ் அவருடைய வக்ஃபை ஏற்றுக்கொள்வானாக.